ஐம்பத்தைந்திலேயே நின்ற வளையம்

கேமராவை வாங்கிவந்த முதல் இரண்டு நாளும் என்னை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது. வாசல் வேப்பமரம், எதிர்வீட்டுக் கம்பி கேட், அம்மாவின் முகம், எதுவும் துலக்கமாக இல்லை. பட்டனைப் பாதி அழுத்தினால் 'பீப்' என்று சத்தம் வருகிறது, ஃபோகஸ் ஆகிவிட்டது என்கிறது கேமரா. எனக்கோ கிணற்றுத் தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தது போல இருக்கிறது. லென்ஸைத் துடைத்தேன். என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். விற்றவருக்கு ஃபோன் போட்டு என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாமே பளிச்சென்று இருக்கின்றன. வேப்பிலையின் ரம்பப் பல்லைக்கூட எண்ணலாம். அப்படியென்றால் லென்ஸில் கோளாறு இல்லை. வியூஃபைண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், அதன் வலது ஓரத்தில் நகத்தால் நெருடினால் மட்டுமே சுற்றும் ஒரு குட்டிச் சக்கரம் அகப்பட்டது. சுற்றினேன். கலங்கல் மெல்ல விலகி, எதிர்வீட்டு கேட்டின் துரு வரைக்கும் தெரிந்தது. டையாப்டர் சக்கரம். பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்றபடி வியூஃபைண்டரைச் சரிசெய்துகொள்வதற்காக இருக்கிறது. முன்பு வைத்திருந்தவருக்குக் கிட்டப்பார்வை போல. கண்ணாடி போடாமல் பார்ப்பதற்காக அதை மைனஸ் பக்கம் கடைசிவரை தள்ளி வைத்திருந்திருக்கிறார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். பாளையங்கோட்டையில் 19 வருஷமாக ஒளியியல் பாடம் நடத்துகிறேன். மீட்டரில் சொன்ன குவியத் தொலைவின் தலைகீழ்தான் லென்சின் திறன், அதன் அலகு டையாப்டர் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அதே டையாப்டர் கைக்கு வந்து நின்றபோது ஆளை அடையாளம் தெரியவில்லை.

சரி, இந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேனான் 1500டி. 2018-ல் வந்தது. இணையத்தில் தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம், இதே கேமராவுக்கு ஐரோப்பாவில் 2000டி என்று பெயர், அமெரிக்காவில் ரெபல் டி7 (T7). 24 மெகாபிக்சல், 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்தே வருவது), ஒரு பை, ஒரு 32 ஜிபி கார்டு, எல்லாம் சேர்த்து, கை மாறிய சரக்காக 21,000 ரூபாய். வாங்கினேன் என்றதும் சென்னையிலிருந்து தம்பி மகன் ஃபோனில் சிரித்தான். "மிரர்லெஸ் காலத்துல யாராவது டிஎஸ்எல்ஆர் வாங்குவாங்களா அத்த?" என்றான்.

வியூஃபைண்டருக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி உள்ளே இருந்தால் டிஎஸ்எல்ஆர், அது இல்லாதது மிரர்லெஸ். அவன் சொன்னதில் தப்பில்லை. கேனான், நிக்கான் இரண்டுமே இப்போது புதுச் சரக்கையெல்லாம் மிரர்லெஸ் பக்கம்தான் இறக்குகிறார்கள். ஆனால் அதனால்தான் டிஎஸ்எல்ஆர் இந்த விலைக்குக் கிடைக்கிறது. சம்பளத்தில் சீட்டுப் பணம், வீட்டுக் கடன் எல்லாம் போக மிச்சத்தில் பழகுகிறவளுக்கு அதுதான் முக்கியம். இன்னொன்று, கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்களை நாளைக்கே மிரர்லெஸ் வாங்கினாலும் ஒரு அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம். கேமராவின் உடம்பு போனாலும் லென்ஸ் நிற்கும்.

நிக்கான் டி3500-ஐயும் பார்த்தேன். அருமையான கேமரா. ஒரு சார்ஜில் 1,550 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள், என்னுடையதற்கு 500-தான். அதை வாங்க நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருந்தாக வேண்டும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று எழுதியிருந்தால் தானே ஃபோகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 1.8டி-யை வாங்கினால் கையால்தான் திருக வேண்டும். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987-ல் இஎஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாய், வந்ததிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள்தான். சிவப்புப் புள்ளி போட்டது இஎஃப், வெள்ளைச் சதுரம் போட்டது இஎஃப்-எஸ். 1500டி-யின் வாயில் இரண்டு குறியும் இருக்கும், இரண்டும் மாட்டும்.

முதல் மாதம் முழுக்கக் கிட் லென்ஸ்தான். அதைப் பற்றி எல்லோரும் ஏளனமாகப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். 18-ல் வைத்தால் குறுக்குத்துறை முருகன் கோயிலையும் தாமிரபரணியையும் படித்துறையில் துணி துவைப்பவர்களையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிடலாம். 55-க்குத் திருகினால் துவைக்கிறவர் கையில் இருக்கும் சோப்பு நுரை வரும். 25 செ.மீ. வரை கிட்டப் போகலாம். கை நடுக்கத்தைத் தாங்கும் ஐஎஸ் வசதியும் உண்டு. பகல் வெளிச்சம் இருக்கிறவரை அதற்கு என்ன குறைச்சல்?

பழகும்போது, மேலே உள்ள சக்கரத்தில் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் பச்சை 'ஏ+' குறியிலிருந்து ஏவி என்ற நிலைக்கு உடனே மாறிவிடுங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஓட்டை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை, நாம் சொல்வோம். ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சத்தை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்பதை, அது பார்த்துக்கொள்ளும். இன்னொரு வேலையும் முதல் நாளே செய்ய வேண்டும். ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் அதன் இஷ்டத்துக்கு விட்டால், எது கிட்ட இருக்கிறதோ பெரும்பாலும் அதைத்தான் பிடிக்கும். கரும்பலகையில் கணக்குப் போடும் பையனை எடுத்தால் முன்னால் இருக்கும் சாக்பீஸ் டப்பா ஜொலிக்கும், பையன் ஆவி போல நிற்பான். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டேன். இந்த மாடலில் கறாராக வேலை செய்வது அதுதான். முகத்தின் மேல் வைத்துப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, சட்டத்தை நகர்த்தி, மீதியை அழுத்துவது. ஒரு வாரத்தில் விரல் பழகிவிட்டது.

இரண்டையும் நாமே வைக்கும் எம் நிலையில் ஒரு சின்னத் தலைவலி உண்டு. விலை குறைந்த கேமராக்களில் சுற்றுவதற்கு ஒரே ஒரு சக்கரம்தான். அதைச் சுற்றினால் ஷட்டர் மாறும். அப்பர்ச்சர் மாற வேண்டுமென்றால் பின்னால் உள்ள ஏவி பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க மெனுவுக்குள் அப்பர்ச்சரைத் தேடினேன்.

அடுத்தது நான் செய்த தப்பு. கூந்தன்குளம் எங்கள் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் சுமார், மூலைக்கரைப்பட்டி வழி. தை மாதம் போனால் குளம் நிறையப் பறவை. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டும். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். கேமரா கையில் இருக்கும்போது அங்கே போகாமல் இருக்க முடியுமா? 55 மி.மீ. போதாது என்று தெரியும். கடையில் விசாரித்தேன். "300 வரைக்கும் இழுக்கும் டீச்சர், அரை விலை" என்று ஒரு 75-300-ஐ எடுத்து நீட்டினார்கள். 6,500 ரூபாய். 300 என்ற எண்ணைப் பார்த்தேனே தவிர, அதில் ஐஎஸ் என்ற இரண்டு எழுத்து இல்லை என்பதைப் பார்க்கவில்லை. கடைக்காரர் மறைக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் கரையில் நின்று எடுத்தேன். சுமார் 200 படம். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, 100-லேயே வைத்திருந்தேன், "குறைவாக இருந்தால்தான் தரம்" என்று எங்கோ படித்த ஞாபகம். ஷட்டர் 1/60, 1/80 என்று தடுமாறிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு நாரைக்கும் ஒரு இரட்டைப் பிறவி.

வகுப்பில் இதை ஒட்டடைக் கம்பை வைத்துச் சொல்வேன். கையில் பென்சிலைப் பிடித்தால் நடுக்கம் தெரியாது. அதே கையில் பத்தடி ஒட்டடைக் கம்பைப் பிடித்தால் நுனி எப்படி ஆடும்? நீளமான லென்ஸும் அப்படித்தான். குவியத் தொலைவு எவ்வளவோ அந்த எண்ணை ஒன்றின் கீழே போட்டால் வருவதுதான் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. நம் கேமராவில் படம் விழும் சென்சார் அந்த ஃபிலிமைவிடச் சின்னது என்பதால் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 300-ஐப் பெருக்கினால் 480. அதாவது 1/500 வினாடியாவது வேண்டும். நான் 1/60-ல் எடுத்திருக்கிறேன். எட்டு மடங்கு குறைவு! ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றியிருந்தாலே பாதிப் படங்கள் பிழைத்திருக்கும். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்திருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். புள்ளியைக் குறைக்கலாம், ஆட்டத்தை எடுக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு போய், ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/1000 வைத்து எடுத்தேன். ஒழுங்காக வந்தது. வாத்துகள் மட்டும் நடுக்குளத்தில் கடுகு மாதிரிதான். தண்ணீருக்கு நடுவே இருக்கும் பறவைக்கு 300 ஒரு தூரமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. இதைவிட வேடிக்கை, அன்று எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் கிட் லென்ஸில் எடுத்தது. ஒரு வீட்டு வாசல், கொடியில் காயும் பள்ளிச் சீருடை, அதற்கு நேர் மேலே மரத்தில் ஏழெட்டு நாரைக் கூடு, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் ஆச்சி. எச்சம் மேலே விழாமல் இருக்க ஆச்சி தலையில் ஒரு துண்டு. குவியத் தொலைவு 24 மி.மீ.

75-300-ஐ 4,000-க்கு விற்றேன். 2,500 ரூபாய் கல்விக் கட்டணம். பறவைக்கு ஆரம்பத்தில் மலிவாக ஏதாவது வேண்டுமென்றால் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் தேடுங்கள். 50 மி.மீ. குறைவுதான், ஆனால் கை நடுக்கத்தைத் தாங்கும். பழையதாக நிறைய வருகிறது. ஒன்று மட்டும், ஐஎஸ் நம் கையின் ஆட்டத்தைத்தான் அடக்கும். பறவை சிறகடிப்பதை நிறுத்தாது. அதற்கு ஷட்டர்தான்.

விற்ற காசைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து எது என்று யோசித்தபோது ஒரு பயம் வந்துவிட்டது. மறுபடியும் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. யாரைக் கேட்டாலும் அவரவர் எடுப்பதை வைத்துச் சொன்னார்கள். கல்யாண வீடு எடுப்பவர் ஒன்று சொன்னார், யூடியூபில் ஒருவர் ஒன்று சொன்னார். அப்போதுதான் தோன்றியது, நான் என்ன எடுக்கிறேன் என்று என் கார்டுக்குத் தெரியுமே!

ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்தக் குவியத் தொலைவில், எந்த அப்பர்ச்சரில், எந்த ஷட்டரில் எடுத்தது என்ற விவரம் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் படத்தின் பண்புகளைத் திறந்தால் தெரியும். கோடை விடுமுறையில் மூன்று மாதப் படங்களையும் திறந்து வைத்துக்கொண்டு, பழைய மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. மென்பொருளிலேயே எண்ணலாம் என்று தம்பி மகன் பிறகு சொன்னான். சொல்லட்டும். கையால் எண்ணியதால் ஒவ்வொரு படத்தையும் இன்னொரு முறை பார்க்கக் கிடைத்தது.

கிட் லென்ஸில் எடுத்த மொத்தம் 1,212. அதில் 18-ல் எடுத்தது 297. சரியாக 55-ல் எடுத்தது 538. மீதி எல்லாம் நடுவே சிதறிக் கிடந்தன. 35, 40 பக்கமெல்லாம் கிட்டத்தட்டக் காலி. அதாவது ஜூம் வளையத்தை நான் ஜூமாகவே பயன்படுத்தவில்லை. ஒன்று இந்தக் கோடி, இல்லையென்றால் அந்தக் கோடி. ஏறக்குறைய பாதி நேரம் அது 55-ல் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

அந்த 538 படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். முகங்கள். அம்மா அடுப்படியில் தோசை திருப்புகிறாள். ஸ்டாஃப் ரூமில் தமிழம்மா விடைத்தாள் திருத்துகிறார். மழை நாளில் ஜன்னலோரம் பிள்ளைகள். பெரும்பாலும் கூரைக்குக் கீழே, ட்யூப்லைட்டில். அதில் பாதிக்கு மேல் ஆட்டம் கண்டவை. கிட் லென்ஸ் 18-ல் இருக்கும்போது எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்குப் போனால் 5.6-ஐத் தாண்டித் திறக்காது. எனக்கு எங்கே வெளிச்சம் தேவையோ அங்கேதான் அது கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது.

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம். கேனானின் 50 மி.மீ. லென்ஸ்களிலேயே விலை குறைந்தது. 2015-ல் வந்தது, எடை 160 கிராம்தான்.

எஃப் எண்ணைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல ஒரு வரி. அது ஒரு பின்னத்தின் அடி எண். குவியத் தொலைவை அந்த எண்ணால் வகுத்தால் ஓட்டையின் விட்டம் வரும். 55-ஐ 5.6-ஆல் வகுங்கள், 10 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. ஒரு சட்டைப் பித்தான். 50-ஐ 1.8-ஆல் வகுங்கள், 27.8 மி.மீ. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. தான். பித்தான் அளவு ஜன்னலுக்கும் பத்து ரூபாய் அளவு ஜன்னலுக்கும் உள்ள வித்தியாசம் அது. வெளிச்சக் கணக்குக்கு 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்க வேண்டும். சுமார் 9.7. ஏறக்குறைய பத்து மடங்கு. அதே அடுப்படி, அதே ட்யூப்லைட், அதே ஐஎஸ்ஓ 1600. கிட் லென்ஸில் 1/15 கேட்ட இடத்தில் இது 1/125 தந்தது. தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

முதல் வாரம் எல்லாவற்றையும் 1.8-லேயே எடுத்தேன். பின்னணி கரைந்து வெண்ணெயாக இருக்கிறதே, விட மனசு வருமா? பிறகுதான் அம்மாவின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கண் துல்லியம், வலது கண் மசமசப்பு. மூக்குத்தி எங்கேயோ கரைந்துவிட்டது. "என்னடி, எனக்கு ஒரு கண்ணுல புரை விழுந்த மாதிரி எடுத்திருக்க" என்றாள்.

மறுநாள் பள்ளி ஆய்வக மேஜையில் சாக்பீஸ்களை நட்டமாக நிற்க வைத்தேன். 12 சாக்பீஸ், ஒன்றுக்கொன்று இரண்டு செ.மீ. இடைவெளி, கேமராவிலிருந்து விலகிப் போகிற மாதிரி கொஞ்சம் சாய்த்து ஒரு வரிசை. ஆறாவது சாக்பீஸ் லென்ஸிலிருந்து ஒரு மீட்டர். அதில் ஃபோகஸ் வைத்து மூன்று படம். கிட் லென்ஸ் 55-ல் எஃப் 11, ஆறேழு சாக்பீஸ் தெளிவு. எஃப் 5.6, மூன்று நான்கு. 50-ஐ மாட்டி எஃப் 1.8, ஆறாவது மட்டும், அதன் முன்னாலும் பின்னாலும் இருப்பவை அப்போதே நுனி மழுங்க ஆரம்பித்துவிட்டன. ஒரு மீட்டரில் இரண்டரை செ.மீ. சொச்சம்தான் தெளிவு. இரண்டு விரல் அகலம்கூட இல்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே இரண்டு கண்ணும் அதற்குள் அடங்காது. இன்னும் கிட்டப் போகப் போக அதுவும் சுருங்கும். இப்போது ஒரு ஆள் என்றால் 2.8, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் என்றால் 4. அந்த 1.8-ஐ இருட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு ஒளியியலுக்கு இனி இந்தச் சாக்பீஸ் படம்தான் என்று முடிவும் செய்துவிட்டேன்.

50-ன் அடுத்த தொல்லை சுவர். எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. சின்ன சென்சாரில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போல வேலை செய்கிறது. சென்சார் 22.3-க்கு 14.9 மி.மீ. ஃபிலிம் 36-க்கு 24. ஒரு பெரிய படத்தின் ஓரங்களைக் கத்தரித்து நடுப்பகுதியை மட்டும் கையில் கொடுத்தால் எப்படியோ அப்படி. அக்கா குடும்பம் வந்திருந்தபோது ஐந்து பேரை எடுக்கப் பின்னால் போய்ப் போய், முதுகு பீரோவில் முட்டி, அதற்கு மேலே இருந்த பித்தளைக் குடம் உருண்டு விழுந்ததுதான் மிச்சம். கிட் லென்ஸை மாட்டி 18-ல் எடுத்து முடித்தேன். வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பவர்களுக்கு, கோடு போட்டுப் பார்த்ததில் 20, 30 பக்கம் கூட்டமாக விழுந்தவர்களுக்கு, 24 மி.மீ. எஃப் 2.8 இருக்கிறது. அப்பளம் மாதிரித் தட்டையான லென்ஸ், 125 கிராம். அதை எனக்கும் வாங்க ஆசைதான். கோடுகள் அனுமதிக்கவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரைபாட் வாங்கினேன், பரணில் இருக்கிறது. ஃபில்டர் வாங்கும்போது அளவைப் பாருங்கள், கிட் லென்ஸுக்கு 58 மி.மீ., 50-க்கு 49 மி.மீ., ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் மாட்டாது. ஆற்றில் தண்ணீரின் பளபளப்பை அடக்கிக் கூழாங்கல்லைக் காட்டும் போலரைசர் ஒன்று போதும். லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் இடத்தில் மாற்றாதீர்கள், எங்கள் ஊர் ஆனிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கையோடு ஒரு டார்ச் கொண்டுபோங்கள். ஒருபக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்திவலை போல, வேர் போல ஏதாவது படர்ந்திருந்தால் பூஞ்சை, அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸைப் பையிலேயே பூட்டி வைத்தால் பூஞ்சை வரும், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில். என்னிடம் ஈரம் உறிஞ்சும் அலமாரி எல்லாம் இல்லை. ரப்பர் வளையம் போட்ட காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஈரம் குடித்துவிட்டால் நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்கினால், எப்போது சூடாக்கிக் காய வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும், அதை அடுப்படிப் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள். அம்மாவின் கடுகு தாளிக்கும் கரண்டியை நான் எடுத்துக்கொண்டு போனபோது நடந்த சண்டை தனிக் கதை.

இந்த வருஷம் ஒளியியல் பாடத்துக்குக் கேமராவையே வகுப்புக்குக் கொண்டுபோனேன். கழுத்து வாரை ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டிவிட்டு, ஜன்னல் வழியாக மைதானத்துக் கொடிக்கம்பத்தைப் பார்க்கச் சொன்னேன். வரிசையாக வந்து பார்த்தார்கள். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியல டீச்சர், கலங்கலா இருக்கு" என்றான். எனக்கு என் முதல் இரண்டு நாள் ஞாபகம் வந்தது. "அந்தக் குட்டிச் சக்கரத்தைச் சுத்துடா" என்றேன். சுற்றினான். மைனஸ் பக்கம் கடைசிவரை சுற்றிவிட்டு, "இப்ப தெரியுது டீச்சர்! கம்பத்துல காக்கா உக்காந்திருக்கு!" என்று கத்தினான்.

அவனுக்குப் பிறகு பார்த்த பெண், "எனக்குக் கலங்குது டீச்சர்" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன், எனக்கும் அதே கலங்கல். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பையனை அவன் இடத்திலிருந்து கரும்பலகையைப் படிக்கச் சொன்னேன். தேதியைக்கூடப் படிக்க முடியவில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவன் நோட்டைப் பார்த்தே இத்தனை நாள் எழுதியிருக்கிறான். நோட்டில் பிழை மலிந்திருப்பதற்கு நான் போட்ட சிவப்புக் கோடுகள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. அன்று சாயங்காலமே அவன் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

போன வாரம் கண்ணாடியோடு வந்தான். கறுப்புச் சட்டம், மூக்குக்குக் கொஞ்சம் பெரிது. இடைவேளையில் ஜன்னலோரம் நிறுத்தி 50-ல், எஃப் 2.8-ல் ஒன்று எடுத்தேன். இரண்டு கண்ணும் துல்லியம். ஆனால் கண்ணாடியில் மேலே இருந்த ட்யூப்லைட் இரண்டு வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. அடுத்த முறை தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்ல வேண்டும்.